உள்ளுர், உள்ளூர்: ஒரு பழைய பைத்தான் நிரலைச் சீர்செய்த பதிவு

சென்ற மாதம் ஒரு சிறு பதிப்பகத்திலிருந்து தொலைபேசி வந்தது. 2010இல் அவர்களுக்கு நான் எழுதிக் கொடுத்த மாற்றி நிரல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதாம்; அது குடியிருக்கும் கணினிதான் இனித் தாங்காதாம். புதிய கணினியில் நிறுவித் தர முடியுமா என்று கேட்டார்கள். நாம் எழுதிய ஒன்று இத்தனை ஆண்டுகள் உழைத்திருக்கிறது என்று கேட்டதும் பெருமையாகத்தான் இருந்தது. கோப்பு மின்னஞ்சலில் வந்து சேரும்வரை அந்தப் பெருமை நீடித்தது.

நிரலின் வேலை இதுதான். யூனிகோடு பரவுவதற்கு முன் அச்சுக்குத் தயாரான புத்தகங்கள் அவர்களிடம் நிறைய இருக்கின்றன. சில திஸ்கி குறியேற்றத்தில் (எழுத்துகளை எந்தெந்த எண்களாகச் சேமிப்பது என்ற ஏற்பாடுதான் குறியேற்றம்). சில, 1999 தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய டாம் குறியேற்றத்தில். மறுபதிப்பு வரும்போது பழைய கோப்பை என் நிரலுக்குக் கொடுத்து யூனிகோடாக மாற்றி, மெய்ப்புப் பார்க்க அனுப்புவார்கள். திஸ்கியில் எழுத்து கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். ‘கொ’ என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முன்னால் வரும், உயிர்க்குறி பின்னால் வரும். கு, கூ, க் போன்றவை திஸ்கியில் ஒவ்வொன்றும் ஒற்றை பைட், அதாவது 0 முதல் 255க்குள் ஓர் எண். ஆகவே நிரலுக்கு உயிர்நாடி ஒரு பெரிய அட்டவணை; மீதியெல்லாம் கொம்பை இடம் மாற்றி வைக்கும் வேலை.

கோப்பைத் திறந்தேன். 812 வரி, ஒரே கோப்பு. வரியைத் தள்ளி எழுதச் சில இடங்களில் டேப், சில இடங்களில் இடைவெளி. ஒரே வரியில் அரைப்புள்ளி போட்டு மூன்று கட்டளைகள். காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டால் காசு கேட்பார்கள் என்று நினைத்தேனோ என்னவோ, எங்கும் இடைவெளி இல்லை. ‘மாற்று’, ‘மாற்று2’, ‘மாற்று_புது’, ‘மாற்று_கடைசி’ என்று நான்கு ஃபங்ஷன்கள் (பெயர் சொல்லி அழைக்கும் நிரல் துண்டுகள்). இவற்றில் உண்மையில் பயன்படுவது ‘மாற்று2’. எழுதியவன் யார் என்று தெரியாவிட்டால் திட்டியிருப்பேன். தெரிந்திருந்ததால் கொஞ்சம் கூடுதலாகத் திட்டினேன்.

நிரல் பழைய பைத்தான் 2இல் எழுதியது. இதை இன்றைய பைத்தான் 3இல் ஓடும்படி மட்டும் செய்து கொடுத்திருந்தால் ஒரு மாலையில் முடிந்திருக்கும். ஆனால் பதிப்பகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஓர் இளம்பெண் பைத்தான் கற்றுவருகிறார். இனி இந்த நிரலைப் பார்த்துக்கொள்ளப் போவது அவர். அவர் கையில் இதை இப்படியே கொடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. பெப் 8க்கு இணங்கச் சீர்செய்துதான் கொடுப்பது என்று முடிவெடுத்தேன். பைத்தான் நிரலை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும், 2001 ஜூலையில் வெளிவந்த நடை வழிகாட்டி அது. பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ரோஸமும் பாரி வார்சாவும் எழுதியவர்களில் முதன்மையானவர்கள். அதாவது, நான் இந்த நிரலை எழுதியபோது பெப் 8க்கு ஒன்பது வயது. தெரியாது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

டேப் செய்த வேலை

முதல் தவற்றை முதல் பத்து நிமிடத்திலேயே செய்தேன். டேப்பும் இடைவெளியும் கலந்திருக்கின்றனவே, முதலில் அதைத் தீர்ப்போம் என்று, என் எடிட்டரில் எல்லா டேப்பையும் நான்கு இடைவெளிகளாக மாற்றும் கட்டளையைக் கொடுத்தேன். கண்ணுக்கு எல்லாம் அழகாக வரிசைப்பட்டது. பழைய மடிக்கணினியில் இருந்த பைத்தான் 2.7இல் ஓட்டிப் பார்த்தேன். பிழை எதுவும் வரவில்லை. வெளியீட்டுக் கோப்பைத் திறந்தால் ஒரே ஒரு பத்தி இருந்தது. நாவலின் கடைசிப் பத்தி.

கதை இப்படி. ஒவ்வொரு பத்திக்கும் திரும்பத் திரும்ப ஓடும் ஒரு ஃபார் லூப் நான்கு இடைவெளி உள்தள்ளலில் தொடங்குகிறது. அதன் உள்வரிகள் எட்டு இடைவெளியில். பத்தியை வெளியீட்டுக் கோப்பில் எழுதும் வரி மட்டும் ஒரு டேப்பில் நிற்கிறது. டேப்பை நான்காகக் காட்டும் என் இன்றைய எடிட்டரில் அந்த வரி லூப்புக்கு வெளியே இருப்பதுபோலத் தெரிகிறது. பைத்தான் 2 டேப்பை அப்படிப் பார்ப்பதில்லை. அடுத்த எட்டின் மடங்குக்குக் கொண்டுபோய் நிறுத்தும். ஆகவே அதன் கணக்கில் அந்த வரி எட்டாவது இடத்தில், லூப்புக்கு உள்ளே. 2010இல் என் எடிட்டரும் டேப்பை எட்டாகவே காட்டியிருக்க வேண்டும். அதனால் அன்று எனக்கு எந்த உறுத்தலும் இருந்திருக்காது. இன்று நான்காக மாற்றியதும், ஒவ்வொரு பத்திக்கும் ஓட வேண்டிய வரி லூப் முடிந்த பிறகு ஒரே ஒருமுறை ஓடியது.

சி, ஜாவா போன்ற மொழிகளில் வெற்றிடத்தை எப்படி மாற்றினாலும் பொருள் மாறாது. பைத்தானில் வரியின் தொடக்கத்து வெற்றிடம்தான் இலக்கணம். பைத்தான் 3 இந்தக் கலப்பைப் பார்த்தால் டேப்எர்ரர் என்று சொல்லி ஓட மறுத்துவிடும். பைத்தான் 2 மனம்போன போக்கில் ஓட்டிவிடும். எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டு, லினக்ஸில் இருக்கும் எக்ஸ்பாண்ட் கட்டளையைப் பயன்படுத்தினேன். அது எதுவும் சொல்லாவிட்டால் டேப்பை எட்டாகத்தான் விரிக்கும், பைத்தான் 2 பார்ப்பதைப் போலவே. இந்த முறை நாவல் முழுதாக வந்தது.

அதற்குப் பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. முதலில் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். பதிப்பகத்திடம் ஆறு பழைய கோப்புகள் வாங்கினேன்: மூன்று திஸ்கி, இரண்டு டாம், ஆங்கிலமும் தமிழும் கலந்த முன்னுரை ஒன்று. இவற்றோடு ஒரு வெற்றுக் கோப்பையும், கடைசி வரியில் வரிமுடிவு இல்லாத ஒரு கோப்பையும் நானே சேர்த்தேன். கை வைக்காத பழைய நிரலைப் பைத்தான் 2.7இல் ஓட்டி, எட்டு வெளியீடுகளையும் தனி அடைவில் வைத்து, எழுத முடியாதபடி பூட்டினேன். இனி எந்த மாற்றம் செய்தாலும் இந்த எட்டோடு பைட்டுக்கு பைட் ஒப்பிட வேண்டும். சரியா தவறா என்ற கேள்வி அப்புறம். முதலில், பழையதைப் போலவே இருக்கிறதா? நிரலுக்கு ஒரு சோதனைகூட எழுதி வைக்காதவனுக்கு இதைவிட மலிவான காவல் கிடைக்காது. வந்த கோப்பை வந்தபடியே, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் முதல் கமிட்டாக (பதிவாக)ப் போட்டேன்.

மூன்றுக்குத் தாவுதல்

நடைக்குறைகளைச் சொல்லும் ஃபிளேக்8 கருவியை இந்த நிலையில் ஓட்டினால் பயனில்லை. பிரிண்ட் கட்டளைக்கு அடைப்புக்குறி இல்லாத முதல் இடத்திலேயே இ999 என்ற குறை எண்ணைச் சொல்லி நின்றுவிடுகிறது. இலக்கணமே புரியவில்லை என்று பொருள். வடிவத்தைத் தானே சீராக்கும் பிளாக் கருவியும் பைத்தான் 2க்கான ஆதரவை 2022இல் கைவிட்டுவிட்டது. ஆகவே மொழிமாற்றம் முதலில், அலங்காரம் பிறகு.

2டு3 என்ற கருவி பைத்தானோடு சேர்ந்தே வந்துகொண்டிருந்தது. 3.13இல் நீக்கிவிட்டார்கள். அதற்காகவே 3.12ஐத் தனியாக நிறுவினேன். பிரிண்ட், ஹேஸ்கீ, எக்ஸ்ரேஞ்ச், சமமின்மைக்கான பழைய கோணக்குறி போன்ற பைத்தான் 2 வழக்குகள் எல்லாவற்றையும் அது திருத்தித் தந்தது. திருத்தாதவை இரண்டு. ஒன்று வகுத்தல்: பக்க எண்ணைக் கணக்கிட வரிகளின் எண்ணிக்கையை 32ஆல் வகுத்திருந்தேன். பைத்தான் 2இல் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடை முழு எண், 3இல் தசமம். ஒப்பீட்டில் ‘பக்கம் 3.5’ என்று ஒரு பக்கம் முளைத்திருந்தது. இரட்டைச் சாய்கோடு போட்டதும் சரியானது.

இன்னொன்று கோப்பைப் படிக்கும் விதம். பழைய நிரல் பைட்டுகளைச் சரங்களாகவே (எழுத்துத் தொடர்களாகவே) கையாண்டது. பைத்தான் 3 அதை ஏற்காது. அட்டவணையின் எல்லாச் சாவிகளையும் (தேடப்படும் பழைய குறிகளையும்) பைட்டுகளாக மாற்றி எழுதலாம். நான் சோம்பேறி. கோப்பை லத்தீன்-1 என்ற குறியேற்றம் என்று சொல்லித் திறந்தேன். லத்தீன்-1இல் 0 முதல் 255 வரை ஒவ்வொரு பைட்டும் அதே எண்ணுள்ள யூனிகோடு குறியாக வரும்; எதுவும் சிதையாது, எதுவும் விடுபடாது. அட்டவணையைத் தொடாமலே வேலை முடிந்தது. எழுதும் கோப்புக்கு மட்டும் யூனிகோடைச் சேமிக்கும் யுடிஎஃப்-8. எட்டும் ஒத்துப்போயின. கமிட்.

1,346

இப்போது ஃபிளேக்8ஐ ஓட்டினேன். 1,346 குறைகள். வரிக்கு ஒன்றரைக்கு மேல்.

இந்த எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். பெரும்பகுதி காற்புள்ளிக்குப் பின் இடைவெளி, சமக்குறிக்கு இருபுறமும் இடைவெளி, ஃபங்ஷன்களுக்கு நடுவே இரண்டு வெற்று வரி என்ற வகை. இவற்றைக் கையால் திருத்துவது வீண். பிளாக்கை ஓட்டினேன். அது பிடிவாதமான கருவி. அதன் விருப்பம்தான் நடை, நமக்குச் சொல்ல அதிகம் எதுவும் கிடையாது. அதில் எனக்குப் பிடித்த குணம் ஒன்று உண்டு: திருத்தியபின் பழைய நிரலின் தொடரியல் மரத்தையும் புதியதன் மரத்தையும் ஒப்பிட்டு, பொருள் மாறவில்லை என்று தானே உறுதிசெய்துகொள்ளும். நான் எடிட்டரை நம்பி டேப்பை மாற்றியபோது செய்யாத வேலை.

ஓட்டிப் பார்த்ததும் ஒரு வயிற்றெரிச்சல். அட்டவணையை 2010இல் நான் பார்த்துப் பார்த்து அடுக்கியிருந்தேன். ஒரு மெய்க்கு ஒரு வரி: க், கு, கூ, ங், ஙு, ஙூ, நெட்டுக்குத்தாக எல்லாம் நேர்க்கோட்டில். அந்த அலங்கோலமான கோப்பில் ஒழுங்காக இருந்த ஒரே பகுதி அதுதான். பிளாக் அதைப் பிரித்துப் போட்டு, ஒரு வரிக்கு ஒரு சாவியாக நீட்டிவிட்டது. இப்போது ஒரு வரிசையில் ஓர் எழுத்து விட்டுப்போனாலும் கண்ணுக்குத் தெரியாது. விதி எழுதியவர்களும் இந்த மாதிரி இடங்களில் வளைந்து கொடுக்கச் சொல்கிறார்கள். விதியைப் பின்பற்றினால் படிப்பது கடினமாகும் என்றால் பின்பற்ற வேண்டாம் என்று பெப் 8இலேயே இருக்கிறது. பிளாக் செய்ததை ரத்துசெய்து, அட்டவணைக்கு மேலும் கீழும் ‘எஃப்எம்டி: ஆஃப்’, ‘எஃப்எம்டி: ஆன்’ என்ற குறிப்புகளைப் போட்டு, மறுபடி ஓட்டினேன். அட்டவணை பிழைத்தது.

இந்தக் கமிட்டில் வெற்றிடத்தைத் தவிர எதையும் மாற்றவில்லை. கை துறுதுறுத்தது, ஒரு மாறியின் பெயரையாவது மாற்றலாமே என்று. மாற்றவில்லை. எழுநூறு வரி வெற்றிட மாற்றத்துக்கு நடுவே ஒரே ஒரு பொருள் மாற்றம் ஒளிந்திருந்தால் பின்னாளில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இந்தக் கமிட்டின் எண்ணைத் தனிக் கோப்பில் எழுதி, எந்த வரி எப்போது மாறியது என்று காட்டும் கிட் பிளேம் அதைத் தாண்டிப் பார்க்கும்படியும் அமைத்தேன், 2.23ஆம் பதிப்பிலிருந்து கிட்டுக்கு இந்த வசதி இருக்கிறது. இல்லாவிட்டால் ஒவ்வொரு வரிக்கும் பிளாக்கை ஓட்டிய நாளே பிறந்தநாளாகக் காட்டும்.

குறைகள் 1,346இலிருந்து 61ஆக இறங்கின.

நடுவில் நானே ஒரு குழியும் வெட்டிக்கொண்டேன். வரி நீளத்தை 99 ஆக்கிவிட்டு, கூடவே ஃபிளேக்8இன் அமைப்புகளில் இக்னோர் (விலக்கு) என்ற இடத்தில் இ203ஐ எழுதினேன். பிளாக்கோடு ஒத்துப்போகாத விதி அது, விலக்க வேண்டியதுதான். உடனே புதிதாக இரண்டு எச்சரிக்கைகள் முளைத்தன. கூட்டல் குறிக்கு முன்னால் வரியை உடைத்தால் தவறு என்கிறது ஒன்று. பின்னால் உடைத்தால் தவறு என்கிறது மற்றொன்று. எங்குதான் உடைப்பது? காரணம் பிறகு புரிந்தது. டபிள்யூ503, டபிள்யூ504 என்ற இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை. கருவி இயல்பாகவே இரண்டையும் விலக்கி வைத்திருக்கிறது. இக்னோர் என்று நாமாக எழுதினால் அந்த இயல்புப் பட்டியல் மொத்தமும் அழிந்துவிடும். எக்ஸ்டெண்ட்-இக்னோர் என்று எழுத வேண்டும். அரை மணி நேரம் போனது.

வரி நீளம் பற்றி ஒரு வார்த்தை. பெப் 8இன் எல்லை 79. குழுவினர் ஒப்புக்கொண்டால் 99 வரை போகலாம். ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு இது தாராளம். தமிழில் குறிப்பு எழுதினால் கதையே வேறு. ஃபிளேக்8 யூனிகோடு குறிகளை எண்ணுகிறது, எழுத்துகளை அல்ல. ‘ஒருங்குறிக்கு’ என்ற சொல் நமக்கு ஏழு எழுத்து, அதற்குப் பதின்மூன்று. திரையில் பாதி தூரம்கூடப் போகாத குறிப்பு வரிகளுக்கெல்லாம் நீளம் அதிகம் என்று குறை வந்தது. 99 வைத்தபிறகும் பதினான்கு இருந்தன. அவற்றை மட்டும் கையால் உடைத்தேன்.

குறிப்புகளை ஆங்கிலத்தில் மாற்றுவதா என்ற கேள்வியும் எழுந்தது. நம் மொழி தெரியாதவர் இதைப் படிக்கவே மாட்டார் என்று 120 சதவீதம் உறுதி இருந்தாலொழிய ஆங்கிலத்தில் எழுதுங்கள் என்கிறது பெப் 8. திஸ்கி கோப்பை யூனிகோடாக்கும் நிரலைத் தமிழ் தெரியாத எவர் திறப்பார்? எனக்கு 130 சதவீத உறுதி. தமிழிலேயே விட்டேன்.

மிச்சம் 47

இவற்றில்தான் உண்மையான வேலை இருந்தது. பயன்படாத இம்போர்ட்டுகள், மதிப்பு கொடுத்துவிட்டு மறந்துபோன மாறிகள்: நீக்கினேன். ‘எல்’ என்ற ஒற்றை எழுத்துப் பெயர்: ஒன்று என்ற எண்ணோடு குழம்பும் என்பதால் இ741 அதைத் தடுக்கிறது, ‘வரிகள்’ என்ற பொருளில் பெயர் வைத்தேன். எதுவுமில்லை என்று பொருள்படும் ‘நன்’ (None) மதிப்போடு இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்ட இடங்களில் ‘இஸ்’ போட்டேன். ‘மாற்று2’ தவிர மற்ற மூன்று மாற்றுகளையும் தூக்கினேன். யாரும் அழைக்காத ஃபங்ஷன்களை ஃபிளேக்8 கண்டுகொள்ளாது. அதற்கென்றே கழுகின் பெயரை வைத்துக்கொண்ட வல்ச்சர் என்ற கருவி இருக்கிறது. செத்ததைத் தேடித் தின்னும். பொருத்தமான பெயர்.

கோப்பின் பெயரை மட்டும் மாற்றவில்லை. பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்த அந்தப் பெயர் விதிப்படி தவறு. ஆனால் பதிப்பகத்தின் கணினியில் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஒரு பேட்ச் கோப்பு அந்தப் பெயரைச் சொல்லித்தான் இதை அழைக்கிறது. விதிக்கு இணங்குவதற்காக ஓடிக்கொண்டிருப்பதை உடைக்காதே என்பதும் பெப் 8 சொல்வதுதான்.

அடுத்தது இ712. ‘மோட் == ட்ரூ’ (மோட் ‘ஆம்’ என்பதற்குச் சமமா) என்று எழுதாதே, ‘இஃப் மோட்’ என்று எழுது என்கிற விதி. நான்கு இடங்கள். யோசிக்காமல் மாற்றினேன். ஒப்பீட்டில் இரண்டு டாம் கோப்புகளும் குப்பையாக வந்தன. பழைய நிரலைப் படித்துப் பார்த்தேன்: மோட் என்பது 0, 1, 2 என்று மூன்று மதிப்பு எடுக்கிறது. 1 என்றால் திஸ்கி, 2 என்றால் டாம். பைத்தானில் 1 ட்ரூவுக்குச் சமம், 2 சமமில்லை. ஆனால் ‘இஃப் மோட்’ என்று கேட்டால் இரண்டுமே ஆம். ஆக, என் அசட்டு ஒப்பீடு தற்செயலாகச் சரியாக வேலை செய்துகொண்டிருந்தது. அழகாக்கியதும் டாம் கோப்புகள் திஸ்கி அட்டவணைக்குள் நுழைந்துவிட்டன. ஆட்டோபெப்8 போன்ற கருவிகள் இந்தத் திருத்தத்தைத் தீவிர நிலையில் மட்டுமே செய்வதும், ரஃப் என்ற மற்றொரு கருவி இதைப் பாதுகாப்பற்ற திருத்தம் என்று ஒதுக்கி வைத்திருப்பதும் ஏன் என்று அப்போது விளங்கியது. 1, 2 என்பதற்குப் பதிலாகப் பெயருள்ள மாறிலிகள் வைத்து நேரடியாக ஒப்பிட்டேன்.

இ722, எந்தப் பிழையென்று சொல்லாமல் எல்லாப் பிழையையும் பிடித்துக்கொள்ளும் வெறும் எக்ஸெப்ட். அட்டவணையில் தேடும் இடத்தில் இருந்தது. அட்டவணையில் இல்லாத பைட் வந்தால் பேசாமல் அதை விழுங்கிவிட்டு அடுத்ததற்குப் போகும். பெரிய கோப்பு ஓடும்போது கன்ட்ரோல்-சி அழுத்தினாலும் நிற்காது. அந்தக் குறுக்கீட்டையும் இதுவே விழுங்கிவிடும். நிரலை நிறுத்த வேண்டுமானால் ஜன்னலை மூடிவிடுவது பதிப்பகத்தில் வழக்கமாகவே இருந்ததாம். கீஎர்ரர், அதாவது சாவி இல்லாத பிழை மட்டும் என்று குறுக்கினேன். விழுங்கும் பைட் எது, எந்த வரி என்று திரையில் சொல்லவும் வைத்தேன். வெளியீடு மாறவில்லை, திரையில் மட்டும் முப்பது, நாற்பது வரிகள் ஓடின. இத்தனை ஆண்டுகளாக எத்தனை எழுத்துகள் இப்படிக் காணாமல் போயினவோ. இந்த ஆறு கோப்புகளிலும் போனவை பெரும்பாலும் அச்சு அலங்காரக் குறிகள் என்பதைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

ஃபிளேக்8ஓடு பக்பேர் என்ற துணைக்கருவியையும் சேர்த்து ஓட்டினேன். ஒரு ஃபங்ஷனின் இயல்பு மதிப்பாக வெற்றுப் பட்டியலை வைத்திருக்கிறாய் என்றது. அந்தப் பட்டியல் ஒவ்வோர் அழைப்புக்கும் புதிதாகப் பிறப்பதில்லை. ஒரே பட்டியல்தான் எல்லா அழைப்புகளுக்கும். இரண்டு கோப்புகளை ஒரே ஓட்டத்தில் கொடுத்தால், இரண்டாவதன் தலையில் முதலாவது ஒட்டிக்கொள்ளும். அந்த ஃபங்ஷனுக்கு மேலே 2010இன் நான் எழுதிய குறிப்பு அப்படியே இருந்தது: ‘ஒரே நேரத்தில் இரண்டு கோப்பு கொடுக்காதே, குழம்பும்.’ பிழையைத் தேடாமல் சாஸ்திரமாக்கி வைத்திருக்கிறேன். பதிப்பகத்தாரும் பக்தியோடு கடைப்பிடித்திருக்கிறார்கள்.

எஃப்601

கடைசியாக ஒன்றே ஒன்று மிஞ்சியது. டிக்ஷனரியில் (சாவிக்கு ஒரு மதிப்பு என்று இணைத்து வைக்கும் பட்டியலில்) ஒரே சாவி வெவ்வேறு மதிப்புகளோடு இரண்டுமுறை வந்திருக்கிறது என்ற எச்சரிக்கை. அட்டவணையில். நான் பிளாக்கிடமிருந்து காப்பாற்றி, ஒழுங்கின் அடையாளமாக வைத்துக்கொண்டிருந்த அதே அட்டவணையில்.

ளகர வரிசையில் ள், ளு, ளூ மூன்றும் சரியாக இருந்தன. அறுபது வரி கீழே, அட்டவணை முடியும் இடத்தில், ‘அவசரத் திருத்தம்’ என்ற குறிப்போடு நான்கு சாவிகள் ஒட்டப்பட்டிருந்தன. ஏதோ ஒரு கையெழுத்துப் பிரதி விநோதமான எழுத்துருவில் வந்திருக்க வேண்டும்; அதற்காகப் போட்ட ஒட்டு. அவற்றில் மூன்று புதிய சாவிகள். நான்காவது, ளூவின் சாவி. அதற்குக் கொடுத்திருந்த மதிப்பு ளு. டிக்ஷனரியில் ஒரே சாவி இருமுறை வந்தால் பைத்தான் முறையிடாது. பின்னால் வந்ததை எடுத்துக்கொள்ளும்.

ஆகவே, அந்த ஒட்டைப் போட்ட நாளிலிருந்து இந்த நிரல் வழியாகப் போன திஸ்கிப் புத்தகங்களில் எல்லாம் உள்ளூர் உள்ளுராகியிருக்கிறது. திருவள்ளூர் திருவள்ளுராக, பெங்களூர் பெங்களுராக. வேறு எந்த எழுத்து மாறியிருந்தாலும் முதல் பக்கத்திலேயே யாராவது கேட்டிருப்பார்கள். ளூவுக்குப் பதில் ளு என்பது மட்டும் நம் கடைப் பலகைகளிலும் பேருந்துப் பலகைகளிலும் நாள்தோறும் பார்க்கும் பிழை. எவரும் நிரலைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

ஒட்டின் நான்காவது வரியை நீக்கித் தனிக் கமிட்டாகப் போட்டேன். ஒப்பீட்டை ஓட்டினேன். இந்த முறை வேறுபாடு வரத்தான் வேண்டும். ஆனால் ளூ வரும் வரிகளில் மட்டுமே வர வேண்டும். மூன்று திஸ்கி கோப்புகளில் 83 வரிகள் மாறியிருந்தன. ஒன்றுவிடாமல் படித்தேன். எல்லாமே ஊர்ப் பெயர்கள், உள்ளூர்கள். புதிய வெளியீட்டைப் பழையதன் இடத்தில் வைத்துப் பூட்டினேன். ஃபிளேக்8 ஓட்டியபோது திரையில் எதுவும் வரவில்லை.

நிரலைக் கொடுக்கப் போனபோது பதிப்பகத்தின் மெய்ப்புத் திருத்துநரிடம் இதைச் சொல்ல வேண்டியிருந்தது. எழுபதைத் தாண்டியவர். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“அப்படியானால் இத்தனை வருடமாக நான் திட்டியதெல்லாம் அந்தத் தட்டச்சுப் பெண்ணை இல்லையா, தம்பி?”

“இல்லை ஐயா. என்னைத்தான் திட்டியிருக்க வேண்டும்.”

“அந்தப் பெண் கல்யாணமாகிப் போயே எட்டு வருடமாகிறது.” கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “வேலூரும் வேலுர் என்றுதானே வரும்? அதுவும் உன் வேலைதானா?”

அங்கேயே மடிக்கணினியைத் திறந்து பார்த்தேன். லகர வரிசையில் லூ ஒரே ஒருமுறைதான் இருந்தது, சரியான மதிப்போடு. மூலக் கோப்பிலும் தேடினேன். அங்கேயே வேலுர்தான்.

“அது தட்டச்சில் வந்தது, ஐயா.”

“பரவாயில்லை,” என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “பாதித் திட்டு நியாயமானதுதான்.”